கூப்பன் மா முதல் கொத்துமீ வரை

கோதுமை எங்கள் ஊரில் விளைவதில்லை. கட்டைபறிச்சானில் மட்டுமல்ல, இலங்கையில் எங்குமே அது பயிராவதில்லை. மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகிற வழியில், வயலும் ஆறும் மாட்டுப் பட்டியுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. பெரும்போகம் வெட்டி முடிந்தால் விறாந்தையில் நெல் மூட்டை அடுக்கியிருக்கும். அந்த மூட்டையில் சாய்ந்துகொண்டே பிள்ளை காலையில் பாண் தின்னும், பின்னேரம் பணிஸ் கடிக்கும், இரவில் தாய்க்கு ஏலாவிட்டால் நூடுல்ஸ் பைக்கற்றை உடைத்துச் சுடுதண்ணீரில் போடும்.

இதைப் பார்த்து எங்கள் வயதுக்காரர் சொல்வது ஒன்றுதான்: இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சோம்பல், எல்லாம் கடைச் சாப்பாடு. வாசிகசாலைத் திண்ணையில் இந்தப் பேச்சு நடக்காத நாளில்லை. நான் வாய் திறப்பது குறைவு. ஆனால் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று எனக்குத் தெரியும். எந்தச் சாமான் எந்த ஆண்டில், எந்தக் காரணத்துக்காக இந்த ஊர் அடுப்படிக்குள் நுழைந்தது என்பதை இருப்புப் புத்தகம் சொல்லும். அதில் சோம்பல் என்ற பெயரில் ஒரு சாமானையும் நான் பதிந்ததில்லை.

அம்மம்மா காலத்தில் இடியப்பம் என்றால் முதல் நாளே வேலை தொடங்கிவிடும். அரிசியை ஊறப் போட்டு, வடித்து, உரலில் கொட்டி, இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாறி மாறி உலக்கை போடுவார்கள். அரிதட்டில் அரித்தால் கப்பி மிஞ்சும். அதைத் திரும்பவும் உரலில் கொட்டி இடிக்க வேண்டும். பிறகு பெரிய தாச்சியில் மா வறுப்பு. விறகுப் புகைக்குள் நின்று, அடிப்பிடிக்காமல், நிறம் மாறாமல் கிண்ட வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் இடியப்ப உரலுக்கே கை போகும். தேங்காய் திருவுவது, சம்பல் அரைப்பது, சொதி வைப்பது எல்லாம் தனிக் கணக்கு. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தி அரிசியாக்கின பாட்டை இதில் நான் சேர்க்கவேயில்லை. அதனால்தான் இடியப்பமும் பிட்டும் தினசரிச் சாப்பாடாக இருக்கவில்லை. அன்றாடக் காலைச் சாப்பாடு பழஞ்சோறு. இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் தயிரும் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்தால் முடிந்தது. யாரும் விடியற்காலையில் அடுப்பு மூட்டவில்லை. பழைய காலத்தில் மூன்று வேளையும் சுடச்சுடச் சமைத்தார்கள் என்பது, அடுப்படிக்குள் போகாதவர்கள் கட்டின கதை.

இந்த வேலையிலிருந்து முதல் பங்கை வெளியே கொண்டுபோனது அரைக்கிற மில். அரிசியைக் கழுவி உலரவைத்துச் சாக்கில் கட்டிக் கொடுத்தால் மாவாக வந்துவிடும். அப்போதும் குறை சொன்னார்கள். இயந்திரத்தில் மா சூடேறிப் போகிறதாம், உரல் மாவின் ருசி இல்லையாம். அதே கிழவிகள் அடுத்த கிழமையே மில்லுக்கு அரிசி கொடுத்தனுப்பினார்கள். தோள் வலி யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியும்.

கோதுமை மா வந்த கதை இதைவிடப் பெரியது. அது யுத்தத்தோடு வந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் இலங்கைக்கு வந்த பர்மா அரிசி நின்றுபோனது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. கொட்டியாரக் குடாவுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் அந்த முழக்கம் கேட்டது என்று அம்மம்மா சொல்லுவா. அரிசி பங்கீடு அந்த ஆண்டுதான் தொடங்கியது. அரிசி போதாத இடத்தில் கோதுமை மாவைக் கொடுத்தார்கள். சோறு தின்னும் சனத்துக்கு மாவை என்ன செய்வதென்று தெரியவில்லை. ரொட்டி தட்டினார்கள், களி கிண்டினார்கள், சிலர் மாட்டுக்குக் கரைத்து வைத்தார்கள்.

போர் முடிந்தது, பங்கீட்டுக் கூப்பன் முடியவில்லை. அரிசி விலைதான் இந்த நாட்டில் அரசாங்கங்களைத் தூக்கியது, இறக்கியது. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்து, இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அரிசியில் கை வைக்கப் பயம். அந்தப் பயத்துக்கு மருந்தாகக் கிடைத்தது அமெரிக்க மா. அமெரிக்காவில் விளைந்து மிஞ்சிய தானியத்தைக் கடனாகவும் உதவியாகவும் கொடுக்கிற பி.எல். 480 சட்டம் 1954இல் அங்கே நிறைவேறியது. அதன்கீழ் கப்பல் கப்பலாக மா இங்கே இறங்கியது. இன்றும் எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் கோதுமை மாவை அமெரிக்கன் மா என்றுதான் சொல்வார்கள்.

அந்த மா வந்த துணிச்சாக்கு ஒரு தனி வரலாறு. இரண்டு கை குலுக்குகிற படமும் ஆங்கில எழுத்தும் அச்சடித்திருக்கும். சாக்கை உதறி, தையலைப் பிரித்து, சோடாப் போட்டு அவித்தாலும் எழுத்து முழுதாகப் போகாது. அதில் தைத்த உள்சட்டையோடு நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். என் சிநேகிதன் ஒருவனின் முதுகில் கை குலுக்கல் படம் நெடுநாள் இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது சாக்குக்குள் இருந்த மாவை எங்கள் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதை. ஆயத்தமாக அரைத்து வந்த மா அது. தண்ணீர் விட்டுப் பிசைந்து ரொட்டி சுட்டால் போதும். எங்கள் அம்மாக்கள் அப்படி விடவில்லை. அதில் பிட்டு அவிக்க வேண்டும், இடியப்பம் பிழிய வேண்டும் என்று நின்றார்கள். பச்சைக் கோதுமை மாவில் பிட்டுக் குழைத்தால் பசையாகிவிடும். ஆகவே மாவைத் துணியில் தளரக் கட்டி, பானையில் ஆவி வரவிட்டு, அரைமணி நேரத்துக்குமேல் அவித்தார்கள். அவிந்த மா கல்லுக்கட்டியாக இறங்கும். சூடு ஆறமுதலே உடைத்து, அரிதட்டில் அரித்து, மிஞ்சிய கட்டியை அம்மியில் நுணுக்கித் திரும்ப அரித்தார்கள். அதற்குப் பிறகு அது அரிசி மா மாதிரியே கைக்குப் படிந்தது. கொஞ்சம் அரிசி மாவும் கலந்து நீத்துப்பெட்டியில் அவித்தால், வெளியூர் ஆளுக்கு வித்தியாசம் தெரியாது.

அதாவது, வேலை குறைக்க வந்த மா எங்கள் வீட்டில் வேறொரு வேலையாக மாறியது. உலக்கை போய் அரிதட்டு நின்றது. எந்த ஆயத்த உணவும் இந்த ஊரில் அப்படியே வயிற்றுக்குள் போனதில்லை, எங்கள் பெண்களின் கையைத் தாண்டித்தான் போனது.

நான் சங்கக்கடையில் சேர்ந்தது 1974இல், பஞ்ச காலத்தின் நடுவில். உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேறி, சிறிமாவோ அரசாங்கத்திடம் அந்நியச் செலாவணி இல்லை. 1970 தேர்தலில் சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவந்து தருவதாகச் சொன்னவர்கள், பங்கீட்டையே வெட்டினார்கள். சாப்பாட்டுக் கடைகளில் குறித்த நாட்களில் சோறு விற்கத் தடை. நெல்லை வாங்கும் உரிமை 1971இல் அமைத்த நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு. இரண்டு கொத்துக்கு மேல் அரிசி கொண்டுபோனால் தடைமுகாமில் பறிப்பார்கள். நெல் விளைகிற மூதூரிலிருந்து லாஞ்சில் திருகோணமலைக்குப் போகிற பெண்கள், அங்கே படிக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் அரிசியைச் சீலைக்குள் கட்டிக்கொண்டு போன காலம் அது. ஊரில் மரவள்ளியும் வத்தாளையும் சோளமும் வயிற்றை நிரப்பின. பாண் வாங்க விடியுமுன்னே வரிசை. பாணைக் கௌரவமான சாப்பாடாக மாற்றியது அந்த வரிசைதான். கிடைக்காத பொருளுக்கு மதிப்பு ஏறும். சங்கக்கடையில் இருந்தவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

அதே காலத்தில் பிள்ளைகளின் நாக்கையும் அரசாங்கம் பழக்கியது. கெயார் நிறுவனத்தின் உதவியோடு பள்ளிக்கூடங்களில் பிஸ்கட்டும் பணிசும் கொடுத்தார்கள். 1973இல் திரிபோஷா வந்தது. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் குழந்தைக்கும் மருத்துவமாது கையால் கிடைக்கிற சத்துமா. பிறகு சோளத்திலும் சோயாவிலும் உள்நாட்டிலேயே செய்தார்கள். அடுப்பு வேண்டாம், தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருட்டினால் சாப்பாடு. வீட்டில் பயறும் உழுந்தும் குரக்கனும் வறுத்து இடித்த சத்துமாவுக்கு அது பதிலாயிற்று. ஒரு வீட்டுக்குக் கொடுத்த பைக்கற்றை முழுக் குடும்பமும் தின்றதை எல்லாரும் அறிவார்கள். பசிக்கு வயது வித்தியாசம் இல்லை.

1977இல் ஆட்சி மாறியது. அந்த ஆண்டில்தான் சிங்கப்பூர் பிறிமா நிறுவனத்தோடு ஒப்பந்தமும் ஆனது. 1980இல் சீனன்குடாவில் மா ஆலை ஓடத் தொடங்கியது. ஆழமான துறைமுகம், பெரிய கப்பலே கிட்ட வந்து தானியம் இறக்கலாம். அதற்காகத்தான் திருகோணமலை. கோதுமையை அரசு வாங்கிக் கொடுக்கும், அரைத்த மாவை அரசே எடுத்துக்கொள்ளும், கூலிக்குப் பதில் தவிடு ஆலைக்கு. அந்தத் தவிடு மாட்டுத்தீனியாகக் காசானது. கல்லாப் பெட்டியில் இருந்து பழகிய எனக்கு அந்த ஏற்பாடு விளங்கியபோது, கூலிக்குத் தவிடு கேட்டவன் கணக்குத் தெரிந்தவன் என்று பட்டது. லாஞ்சில் போகும்போது அந்த உயரமான தானியக் களஞ்சியங்கள் தெரியும். எங்கள் வயல்களுக்கும் அவற்றுக்கும் நடுவில் கொட்டியாரக் குடா ஒன்றுதான். அதே நேரம் கூப்பனும் போனது. 1979 செப்டெம்பரில் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை. மாவை இனி எவரும் எவ்வளவும் வாங்கலாம், காசிருந்தால்.

அந்தப் பத்தாண்டில் மூதூரில் பேக்கரிகள் பெருகின. இறாத்தல் பாணைச் சைக்கிள் பெட்டியில் கட்டிக்கொண்டு கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர் என்று மூதூர்க் காக்காமார் வந்தார்கள். மணியடித்தால் வேலியோரம் பிள்ளைகள் நிற்கும். கொப்பியில் கடன் எழுதி, அறுவடைக்கு நெல்லாக வாங்கிக்கொண்டு போவார்கள். நெல் கொடுத்துப் பாண் வாங்கிய கணக்கு அது. மாட்டுப் பட்டிக்காரர் வீடுகளிலும் அதே கதைதான். பாலும் தயிரும் விற்பனைக்கு, தேத்தண்ணிக்கு அங்கர் பால்மா. இதைக் கேலி செய்வது இலகு. ஆனால் நெல்லும் தயிரும்தான் அந்த வீட்டின் காசு. காசை எவரும் சமைத்துத் தின்பதில்லை.

பிறகு யுத்தம். 1990இல் ஓடினோம், திரும்பினோம். 2004 மார்கழி 26இல் கடல் வந்தது. முதல் நாட்களில் பள்ளிவாசலிலும் கோயிலிலும் பாடசாலையிலும் கிடாரத்தில் சமைத்துப் பார்சல் கட்டிக் கொடுத்தார்கள். இவ்வளவு பேர் ஒருமிக்க அடுத்தவர் சமைத்த சோற்றைத் தின்றது ஊருக்கு அதுதான் முதல் தடவை. 2006 ஆடியில் மாவிலாற்றுத் தண்ணீர் மறிபட்டு, ஆவணியில் மூதூர் எரிந்தபோது கட்டைபறிச்சானும் கிளம்பியது. வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று போன பாதையில் எங்களைக் காத்தது பிஸ்கட் பைக்கற்றும் பாணும். முகாமில் உலக உணவுத் திட்டத்தின் உலர் உணவு: அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. தறப்பாள் கூரைக்குக் கீழே மூன்று கல் வைத்த அடுப்பு. திருவலை ஊரில், அம்மி ஊரில், உரல் ஊரில். அந்த அடுப்பில் எதைச் செய்யலாம்? ரொட்டி சுடலாம், பருப்பு அவிக்கலாம். அதைத்தான் செய்தார்கள். நாங்கள் 2007இல் திரும்பத் தொடங்கினோம். சம்பூர்ச் சனத்துக்கு அதுவும் இல்லை. கட்டைபறிச்சானிலும் பட்டித்திடலிலும் கிளிவெட்டியிலும் முகாம்களில் இருந்து, 2015லும் 2016லும் காணி விடுபட்ட பிறகுதான் போனார்கள். பத்து வருடத்தில் ஒரு பிள்ளை பள்ளிப் பருவம் முழுவதையும் கோதுமை ரொட்டியோடு முடித்துவிடும். அந்தப் பிள்ளைக்குப் பிட்டு விருந்துச் சாப்பாடு, ரொட்டிதான் வீட்டுச் சாப்பாடு.

திரும்பி வந்த வீடுகளில் உரல் இல்லை. மரம் எரிந்திருந்தது அல்லது எவரோ எரித்திருந்தார். கண்ணிவெடிப் பயத்தில் விறகுக்குக் காட்டுக்குள் போக முடியவில்லை. கணவன் இல்லாத வீடுகள் பெருகின. தாய்மார் மத்திய கிழக்குக்குப் போனார்கள், போகாதவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலமும், 2011இல் மற்றப் பாலங்களும் திறந்த பிறகு படகுப் பாதைகளில் காத்துக் கிடந்த சாமான் நேரே லொறியில் வந்தது. பெட்டிக்கடைகளில்கூட நூடுல்ஸ், தேங்காய்ப்பால் மா, கறிச்சரக்குப் பைக்கற்று தொங்கின. மூதூர்ச் சாப்பாட்டுக் கடைகளில் இரவு இரவாகத் தகட்டில் தட்டிக் கொத்துகிற கொத்துரொட்டியின் பெயரை வைத்தே பிறிமா கொத்துமீ என்று நூடுல்ஸ் போட்டது. சைக்கிள் பாண்காரரின் இடத்தை ஓட்டோ பிடித்தது. பீத்தோவன் எழுதிய மெட்டை ஒலிபெருக்கியில் இரைத்துக்கொண்டு சூன் பாண் வருகிறது. எழுதியவர் யாரென்று பிள்ளைகளுக்குத் தெரியாது, அதைக் கேட்டதும் கிம்புலா பணிசுக்கு அழத் தெரியும்.

கடை இடியப்பமும் இந்தக் காலத்தில்தான் வழமையானது. எங்கள் ஒழுங்கையில் ஒருத்தி இருக்கிறாள், எனக்கு மருமகள் முறை. கணவன் இல்லை, குழுக்கடன் இருக்கிறது. விடியப்புறம் மூன்று மணிக்கு அவள் வீட்டு லைற் எரியும். மா குழைத்து, தட்டுத் தட்டாகப் பிழிந்து, அடுக்கி அவித்து, ஆறவிட்டு, பத்துப் பத்தாகச் சுற்றுவாள். முன்னர் லஞ்ச் சீற்றில் சுற்றினாள். 2017 செப்டெம்பரில் அதைத் தடை செய்தபின் கொஞ்ச நாள் வாழையிலையும் கடதாசியும். ஆறு மணிக்குள் கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆசிரியைகளும் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறவர்களும் அதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். "உன் பிள்ளைகளுக்குச் சுடச்சுட இடியப்பம் கிடைக்குதே" என்று ஒருநாள் சொன்னேன். "எங்க மாமா, நான் அவிக்கிறது கடைக்கு. எண்ட புள்ளையளுக்குச் சூன் பாண்தான். எடுத்து வச்சா கட்டுக்காசு யாரு கட்டுறது?" என்றாள்.

அவள் சொன்னதில் இந்த வரலாறு முழுவதும் அடங்கிவிடும். வீட்டில் சமைப்பதை ஊர் விட்டுவிட்டது என்பது சரியில்லை. சமையல் கைமாறியிருக்கிறது. ஒருத்தி தன் வீட்டுக்குச் சமைக்க நேரமில்லாமல் காசு கொடுக்கிறாள். இன்னொருத்தி அந்தக் காசுக்காகத் தன் வீட்டுச் சமையலை விடுகிறாள். இரண்டு பக்கமும் பெண்தான் நிற்கிறாள்.

2022இல் இந்த ஏற்பாடு ஒரேயடியாக ஆட்டம் கண்டது. டொலர் இல்லை, எரிவாயு இல்லை, மா விலை ஏறி எத்தனையோ பேக்கரிகள் மூடப்பட்டன. அந்தச் செப்டெம்பரில் கொழும்புக் கணக்குப்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். கிராமத்துக்காரன் நெல்லை நம்பித் தப்பியிருப்பான் என்று நினைப்பீர்கள். முந்திய ஆண்டு இரசாயனப் பசளையைத் தடைசெய்ததில் வயலும் கைவிட்டிருந்தது. ஆனாலும் திரும்ப மரவள்ளி அவிந்தது, பழஞ்சோறு வந்தது, மில்லில் அரிசி மா அரைக்க ஆள் நின்றது. இதைப் பார்த்து, பழைய உணவுக்குத் திரும்பிவிட்டோம் என்று மேடையில் பேசினவர்கள் உண்டு. நிலைமை கொஞ்சம் இளகினதும் சூன் பாண் மெட்டும் திரும்பி வந்தது. ஏனென்றால், தட்டுப்பாடு சாப்பாட்டைத்தான் மாற்றியது. காலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் எத்தனை கை இருக்கிறது என்பதை அது மாற்றவில்லை.

பாணில் சத்துக் குறைவு, நூடுல்சில் உப்புக் கூட, இனிப்பு வருத்தம் ஊரில் பெருகுகிறது என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். நானும் மாத்திரை எடுக்கிறவன், மறுக்க மாட்டேன். இடியப்பமும் சம்பலும் நல்லது, குரக்கன் நல்லது, பழஞ்சோறு நல்லது. ஆனால் நல்ல சாப்பாட்டுக்கு யார் நேரம் கொடுப்பது என்ற கேள்வியை விட்டுவிட்டுச் சத்தைப் பற்றிப் பேசுவது, விலையை எழுதாமல் பற்றுச்சீட்டு வெட்டுகிற வேலை. பழைய சமையலின் விலை உரலடியில் இருந்தவர்களின் தோளில் எழுதப்பட்டது. கூலி கொடுக்கவில்லை என்பதால் அது இலவசம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

வாசிகசாலைத் திண்ணையில் உரல் போயிற்றே என்று கவலைப்படுகிறவர்களில் உலக்கை பிடித்த ஒருவரையும் நான் கண்டதில்லை. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள், என்னைப்போல ஓய்வுகாரர், விடியப்புறம் நித்திரை வராதவர்கள். மில் பக்கத்தில் இருக்கிறது, அரிசி வீட்டில் இருக்கிறது, நேரம் எங்களிடம்தான் இருக்கிறது. தேங்காய் 200 ரூபாவைத் தொட்ட பிறகும் வீட்டில் திருவலை கிடக்கிறது. இடியப்பம் வீட்டில்தான் அவிய வேண்டும் என்பவர்கள் முதலில் அதில் குந்தித் தேங்காயைத் திருவட்டும்.